மாமன் சொன்ன அர்த்தம்

போன மாதம் கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்துக்கொண்டு நாம் நாலைந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மேடையில் வாழ்த்த வந்தவரைப் பெரிய அறிஞர் என்று மைக்கில் சொன்னார்கள். உங்களில் ஒருவர் என் பக்கம் சாய்ந்து, "அறிஞர்னா என்னப்பா, நெம்பப் படிச்சவரா, நெம்பப் பேசறவரா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். பிறகு இலை போட்டுவிட்டார்கள், பேச்சு பாயசத்துக்குப் போய்விட்டது. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி தொண்டையிலேயே நின்றுவிட்டது. நமக்கு இந்த வயதில் சோறே சரியாக இறங்குவதில்லை, கேள்வி எங்கே இறங்கும்?

எனக்கு ஒரு படித்த மாமன் இருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. அவரைப் பற்றிச் சொன்னால்தான் எனக்குத் தெரிந்த அறிஞர்களைப் பற்றிச் சொன்னதாகும். எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை. நான் நாலாம் வகுப்பு முடித்திருந்தேன்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, கேரள எல்லைக்குள் எங்கள் மானாவாரிக் காடு. மலையாளத்து மழை மேற்கே பாலக்காட்டோடு கையைக் கழுவிவிடும். எங்களுக்கு அதன் காற்று மட்டும்தான் வரும். அந்த வருஷம் காற்றும் சுட்டது. பனை ஓலைகள் உரசும் சத்தம் பகல் முழுக்கத் தகரத்தைச் சுரண்டுவதுபோல் கேட்கும். கிணற்றை எட்டிப் பார்த்தால் அடியில் பாறையும், பாறை இடுக்கில் ஒரு தவளையும். அந்தத் தவளை எப்படி உயிரோடு இருந்தது என்று இன்றைக்கும் நான் யோசிப்பதுண்டு. குடிக்கிற தண்ணீருக்குப் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு தோப்புக் கிணற்றுக்கு மாட்டு வண்டியில் பீப்பாய் கட்டிக்கொண்டு போக வேண்டும். வண்டி ஓட்டிய பண்ணையாள் பொள்ளாச்சிக்கு மில் வேலைக்குப் போய்விட்டார். அப்பாவே ஓட்டினார்.

எங்கள் பள்ளிக்கூடம் நாலு வகுப்போடு முடிந்துவிடும். அஞ்சாம் வகுப்புக்குக் கொழிஞ்சாம்பாறை போக வேண்டும். வாத்தியாரை மாஷ் என்போம். எங்கள் பள்ளிக்கூடத்து மாஷ் மேற்கத்தி மலையாளி. ஒருநாள் வாசலில் வந்து நின்று, அப்பாவிடம் அவருடைய தமிழில் சொன்னார்: "பையன் நல்லா படிக்கும் கேட்டோ. அஞ்சாம் கிளாஸில் சேர்க்காம இருக்கக் கூடாது."

அப்பா மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டே சொன்னார். "மழை வந்தாப் பள்ளிக்கூடம் அனுப்பறனுங்க மாஷ். வரலீன்னா வண்டி ஓட்ட ஆளில்லீங்க. அவந்தான்."

இப்படியாக என் படிப்பு மேகத்தில் தொங்கியது. ஜூன் பிறந்தால் பள்ளிக்கூடம் திறந்துவிடும். நான் தினமும் காலையில் எழுந்ததும் மேற்கே பார்ப்பேன். சோளத்தட்டு நிறத்தில் வானம் கிடக்கும்.

மாமன் சித்தூர் காலேஜில் தமிழ் படித்து முடித்தவர். அவர் தகரப் பெட்டியைத் திறந்தால் அந்துருண்டை வாசம் வரும், உள்ளே முழுக்கப் புத்தகம். அம்மாவுக்கு அப்பன் ஆத்தா இல்லை, அதனால் அவர் எங்கள் ஊட்டிலேயே இருந்தார். வேலை கிடைக்கவில்லை. இந்தப் பக்கம் கேட்டால் தமிழ் வாத்தியாருக்கு இடம் இல்லை என்றார்கள். பொள்ளாச்சிப் பக்கம் போய்க் கேட்டால் நீ கேரளாக்காரன் என்றார்கள். மாமன் இரண்டையும் சிரித்துக்கொண்டே சொல்வார். அம்மா சிரிக்கமாட்டாள்.

ஊரில் அவருக்குப் புலவர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். படித்தவர் என்றால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. ஒரு கிழவி ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏனுங் புலவரே, மூணு நாளா இது தழை திங்க மாட்டீங்குது. என்னன்னு பாருங்க."

"எனக்கு அது தெரியாதுங்களே ஆத்தா."

"பதினஞ்சு வருசம் படிச்சீன்னாங்க?"

"தமிழ் படிச்சனுங்க."

"எம்பட ஆடு என்ன மலையாளமா பேசுது?"

அப்பாகூட அன்றைக்குச் சிரித்தார். ஆனால் கிழவி சிரிக்கவில்லை. ஆடு செத்துப்போன பிறகு, அவள் மாமனைப் பார்த்தால் முக்காட்டை இழுத்துக்கொண்டு போவாள். தெரியாது என்று சொன்னவரை எங்கள் ஊர் மன்னித்ததில்லை. ஜோசியர் ஒருவர் இருந்தார். அவர் சொன்னது பாதி பலிக்காது. ஆனால் எதைக் கேட்டாலும் உடனே சொல்வார். அவருக்கு மரியாதை குறைந்ததே இல்லை.

மழை தவறிய வருஷங்களில் எங்கள் பக்கம் மாரியாத்தா கோயில் முன்னால் பழைய கதை ஒன்றைப் பாட்டாக வாசிப்பார்கள். நாடிழந்த ராஜாக்கள் வேஷம் மாறி ஒளிந்திருந்த கதை, உங்களுக்குத் தெரியும். தினமும் பொழுது சாயத் தொடங்கி, சோற்று நேரத்துக்கு முன்னால் முடித்துவிடுவார்கள். ஒருவர் பாட்டை வாசிப்பார், பக்கத்தில் ஒருவர் அதற்கு அர்த்தம் சொல்வார். ஒரு பாட்டு விடாமல் வாசித்து, ஒரு பாட்டு விடாமல் அர்த்தம் சொல்லி முடித்தால் கடைசி நாள் மழை வரும் என்பது நம்பிக்கை. முன்னால் ஒரு செம்பில் தண்ணீர் வைத்து மாவிலை போட்டிருப்பார்கள். மழை இறங்கியதும் அந்தத் தண்ணீரை ஏரியில் ஊற்றுவார்கள். அந்த வருஷம் வைத்த செம்பு அம்மாவுடையது. அவள் பிறந்த ஊட்டிலிருந்து கொண்டு வந்த பித்தளைச் செம்பு. கழுத்தில் ஒரு நெளிவு இருக்கும், சின்ன வயசில் மாமன் கிணற்றுமேட்டில் போட்டு நெளித்தது.

வாசிக்கிறவர் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற கிழவர். கண்ணில் பூ விழுந்துவிட்டது. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்புவார், ஆனால் எல்லாப் பாட்டும் நெஞ்சிலிருந்துதான் வரும். ஒரு எழுத்து தவறாது. அவரிடம் யாராவது அர்த்தம் கேட்டால், "அது எனக்கெதுக்குங்க? வண்டியில என்ன பாரம் இருக்குதுன்னு எருதுக்குத் தெரியோணுமா, இழுத்தாப் போதாதா?" என்பார். அர்த்தம் சொல்கிற பழைய ஆள் அதற்கு முந்தின மார்கழியில் இறந்துவிட்டார். ஊர்ப் பெரியவர் என்ன செய்வதென்று விழித்தபோது அப்பா எழுந்து நின்றார்.

"எதுக்குங்க வெசனம்? எம்பட மச்சினன் இருக்கறான்."

அன்றைக்கு ராத்திரிச் சோற்றின்போது மாமன் மெதுவாகக் கேட்டார். "மச்சான், கதைக்கும் மழைக்கும் என்னங்க சம்பந்தம்?"

"அது சாமி பாத்துக்கும். நீ அர்த்தத்தைச் சொல்லு மாப்ள. இத்தனை நாளா ஊட்டுல சும்மா உக்காந்திருக்கறான்னு ஊரே சிரிக்குது. ஒருக்காச் சொல்லிப்போடு, வாயை மூடிக்குவாங்க."

மாமன் சம்மதித்தார். சும்மா இருக்கிற ஒரு ஆளுக்கு ஊர் ஒரு நாற்காலி போட்டுக் கூப்பிட்டால் உட்காராமல் என்ன செய்வார்?

அவர் சொன்ன அழகை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பெட்ரோமாக்ஸ் உஸ்ஸென்று இரையும். கிழவர் பாட்டை இழுத்து நிறுத்துவார். மாமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கதையில் வருகிற ராஜாவை எங்கள் பக்கத்து ஊர்க்காரர்போலப் பேச வைப்பார். பானகத்துக்காக வந்தவர்கள் பானகத்தை மறந்து உட்கார்ந்தார்கள். ஆட்டுக் கிழவிகூட முன்னால் வந்து உட்கார்ந்தாள். அப்பா கூட்டத்தின் கடைசியில் நின்று, "பேசறான் பாத்தியா? நம்ம ஊட்டுச் சோறு" என்று பக்கத்தில் இருந்தவரை இடித்தார்.

அடுத்த சந்தைக்குப் போன அப்பா எனக்குக் காக்கித் துணி எடுத்து வந்தார். அஞ்சாம் வகுப்புக்கு டவுசர். தையல்காரர் அளவெடுக்கும்போது, "வளர்ற பையன், சித்தெ லூசா வையுங்க" என்றார் அப்பா. புதுத் துணியின் கஞ்சி வாசம் எனக்கு இப்போதும் மூக்கில் வருகிறது. மழை இன்னும் வரவில்லை. ஆனால் அப்பா டவுசர் தைக்கக் கொடுத்துவிட்டார் என்றால் மழை வந்த மாதிரிதான் என்று நினைத்தேன்.

பாதிக் கதை தாண்டிய ஒரு நாள் கிழவர் ஒரு பாட்டை வாசித்து நிறுத்தினார். மாமன் இன்னொரு தரம் கேட்டார். கிழவர் மறுபடி வாசித்தார். மாமன் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார், விளக்கைக் கிட்டே கொண்டு வரச் சொல்லிப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

"இந்தப் பாட்டுக்கு அர்த்தம் எனக்குத் தெரியலீங்க. காலேஜிலயும் கேட்டிருக்கறேன், அங்கயும் யாருக்கும் தெரியலீங்க. எழுதி எழுதிக் கை மாறி வந்ததுல எங்கியோ கெட்டுப்போயிருக்குது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லக் கூடாதுங்க. அடுத்த பாட்டுக்குப் போலாமுங்க."

கூட்டம் அடுத்த பாட்டுக்குக் காத்திருந்தது. கிழவர் மட்டும் தலையை ஒரு பக்கம் சாய்த்து மாமன் இருந்த திசையையே பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கும். பழைய ஆள் அந்தப் பாட்டுக்கு வருஷத்துக்கு ஒரு அர்த்தம் சொல்லியிருப்பார்.

கதை முடியப் போகிற நாள் நெருங்கியது. வானத்தில் ஒரு பஞ்சுகூட இல்லை. ஒருநாள் உச்சிப் பொழுதில் ஊர்ப் பெரியவர் நாலைந்து பேரோடு எங்கள் ஊட்டுக்கு வந்தார். அம்மா மோர் கொடுத்தாள். அவர் வாங்கவில்லை. எங்கள் பக்கம் மோரை வாங்காமல் ஒருவர் பேசத் தொடங்கினால் வந்த காரியம் நல்லதில்லை.

"ஒரு பாட்டு விட்டுப்போச்சல்லங்க?" என்றார் அப்பாவிடம். "பீப்பாயில ஒரு ஓட்டை போதுமுங்களே, அத்தனை தண்ணியும் போறதுக்கு."

மாமன் உள்ளேயிருந்து வந்தார். "பாட்டு விட்டுப்போகலீங்க. வாசிச்சாச்சு. அர்த்தந்தானுங்க தெரியல."

"அர்த்தஞ் சொல்றதுக்குத்தானப்பா உன்னை உக்கார வெச்சது? கடைசி நாளு அந்தப் பாட்டை மறுக்கா வாசிக்கச் சொல்றோம். நீ சொல்லிப்போடு."

"தெரியாதுங்களே."

"என்னமோ ஒண்ணு சொல்லப்பா! நாங்க என்ன கண்டமா?"

"அதனாலதானுங்க சொல்லக் கூடாது."

அவர்கள் போனார்கள். அப்பா வண்டியின் நுகத்தடியில் சாய்ந்தார். பிறகு மாமனைப் பார்க்காமலே சொன்னார். "படிச்சவன்னா அவன் வாக்குப் பலிக்கோணும். இல்லீன்னா எதுக்கு அந்தப் படிப்பு? உனக்கு ஒரு பாட்டு. இந்தப் பையனுக்கு ஒரு வாழ்க்கை. பாத்துக்க."

மறுநாள் கிழவரும் சொன்னார். கோயில் வேப்பமரத்தடியில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர், மாமனின் காலடியைக் கேட்டுக் கூப்பிட்டார். நான் கூடவே இருந்தேன்.

"தம்பி, புலவன்ல பல தினுசு இருக்கறாங்க. நானெல்லாம் சொமக்கறவன். செத்துப்போன மகராசன் சொல்றவன். நீங்க தேடறவங்க. தேடறவங்க கோயில்ல உக்காரக் கூடாதுங்க, காலேஜில உக்காரோணும். உக்காந்துட்டீங்க. இனி சொல்லித்தான் ஆகோணும்."

"பொய்யுங்களே அது?"

"மழை வந்தா மெய்யி. வரலீன்னா எல்லாமே பொய்தான், அந்த ஒண்ணு மட்டுமா?"

கடைசியாக அம்மா. மாட்டுச் சாளையில் அவள் சாணி வழித்துக்கொண்டிருந்தாள், மாமன் கம்பத்தில் சாய்ந்திருந்தார். அவள் நிமிரவே இல்லை. "எனக்காக ஒண்ணுங் கேக்கலடா தம்பி. டவுசர் தெச்சு ஆணியில தொங்குது. தெனமும் அதைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறான். அவனுக்காகச் சொல்லுடா." மாமன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எனக்கு இன்றுவரை அர்த்தம் தெரியாது.

கடைசி நாள் சுற்று வட்டாரமே வந்திருந்தது. மற்ற பாட்டெல்லாம் முடிந்ததும் கிழவர் அந்தப் பாட்டை மறுபடி எடுத்தார். வழக்கத்தைவிட நீளமாக இழுத்தார், மாமனுக்கு நேரம் கொடுப்பதற்காக என்று இப்போது தோன்றுகிறது. மாமன் முன்னாலிருந்த செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

ஒரு ஊரில் ஏரி வற்றிவிட்டது. எல்லோரும் ஊரைவிட்டுப் போகிறார்கள். ஒரு பொம்பளை மட்டும் தினமும் வெறும் குடத்தை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய் உட்காருகிறாள். வழியில் போகிற ஒருவன், "தண்ணிதான் இல்லியே, எதுக்கம்மா குடம்?" என்று கேட்கிறான். அவள் சொல்கிறாள்: "தண்ணிக்கு வரலீங்க. இத்தனை வருசம் குடுத்த ஏரி. இன்னைக்கு ஒண்ணுமில்லீன்னதும் ஒருத்தரும் வரலீன்னா அது என்ன நெனைக்கும்? அதுக்குத் தொணைக்கு உக்காந்திருக்கறனுங்க."

அவ்வளவுதான். பொம்பளைகள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். ஊர்ப் பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். ஆட்டுக் கிழவி எழுந்து வந்து மாமனுக்குத் திருஷ்டி கழித்தாள். "இத்தனை நல்ல அர்த்தத்தை வெச்சுக்கிட்டா தெரியாதுன்ன?" என்று அப்பா அவர் முதுகில் தட்டினார். மாமன் முகத்தைப் பார்த்தேன். எல்லோரும் அழுத இடத்தில் அவர் கண் மட்டும் காய்ந்து கிடந்தது.

மழை வரவில்லை.

அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. பள்ளிக்கூடம் திறந்தது. நான் வண்டியில் பீப்பாய்க்கு முன்னால் உட்கார்ந்து கயிறு பிடிக்கப் பழகினேன். எதிரே பையோடு போகிற பையன்களைப் பார்க்காமல் மாட்டின் கொம்பையே பார்ப்பேன். ஊரில் பேச்சு மாறியது. முதலில் தெரியாது என்றவன் பிறகு எப்படிச் சொன்னான்? அப்போது தெரிந்தே மறைத்தானா, இப்போது புளுகினானா? எப்படிப் பார்த்தாலும் சாமி குற்றம். எந்தக் கூட்டம் பொய் சொல்லச் சொன்னதோ அதே கூட்டம்தான் கேட்டது. செம்புத் தண்ணீரை ஏரியில் ஊற்றவில்லை, மாவிலை கறுத்து அது கோயிலிலேயே இருந்தது.

மாமன் வெளியூரில் வேலை தேடினார். யாரோ தெரிந்தவர் மூலமாக இடுக்கியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வேலை என்றார். தகரப் பெட்டியை எங்கள் அட்டாலிப் பரணில் ஏற்றிவிட்டு ஒரு துணிப்பையோடு கிளம்பினார். அம்மாவும் நானும் பொள்ளாச்சி பஸ்சுக்கு நிற்கப் போனோம். அப்பா வரவில்லை. பஸ் வந்ததும் மாமன் என் தலையில் கை வைத்தார், எடுத்தார், ஏறிவிட்டார்.

நாங்கள் ஊடு போய்ச் சேர்வதற்குள், பாதி வழியிலேயே மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. அப்படி ஒரு மழை. மண் வாசம் மூச்சை அடைத்தது. தெருவில் ஆம்பளைகள் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஆடினார்கள். அப்பா வாசலில் நனைந்துகொண்டு, "அண்டாவை எடுத்து வைடி! குடத்தை வைடி!" என்று கத்தினார். அம்மா உள்ளே போய் ஈரச் சேலையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். எங்கள் ஊட்டுக் கூரைத் தண்ணீர் முழுக்க அன்றைக்கு மண்ணில்தான் விழுந்தது.

மழை விட்டபின் அவள் கேட்டாள். "மழை வந்தா அனுப்பறன்னு மாஷ்கிட்டச் சொன்னீங்களே. நாளைக்குப் பையனைக் கொண்டுபோய்ச் சேத்துங்க."

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே, கோபமில்லாமல், ரொம்பத் தெளிவாகச் சொன்னார். "படிச்சவன் பஸ் ஏறுனான், மழை எறங்குச்சு. கண்ணால பாத்தயில்ல? இன்னொருத்தனை நம்ம ஊட்டுலயே உண்டாக்கச் சொல்றியா?"

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். எங்கள் ஊரே அப்படித்தான் பார்த்தது. காக்கி டவுசரை மாடு மேய்க்கப் போட்டுக்கொண்டேன். லூசாக வைத்திருந்ததால் வெகுகாலம் வந்தது. பெட்டியிலிருந்த புத்தகங்களைச் செல் தின்றது. நாலாம் வகுப்பில் படித்த எழுத்துதான் எனக்கு எழுத்து.

அம்மா இறந்தபோது மாமன் வந்தார். தலை முழுக்க நரைத்து, பேச்சில் தோட்டத்துத் தெக்கத்தி இழுப்பு ஏறியிருந்தது. காரியம் முடிகிறவரை தங்கினார். அந்த வருஷமும் மழை இல்லை, கோயிலில் வாசிப்பு நடந்தது. ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். புதிதாக ஒருவர் அர்த்தம் சொன்னார். தீட்டு இருந்ததால் மாமனும் நானும் கூட்டத்தின் கடைசியில், இருட்டில் நின்றோம். அந்தப் பாட்டு வந்தது. நான் மாமன் பக்கம் திரும்பினேன்.

"இந்தப் பாட்டுக்கு நம்ம பெரியவங்க வழிவழியாச் சொல்லி வந்த அர்த்தம் ஒண்ணு இருக்குதுங்க," என்றார் புதியவர். வற்றிய ஏரி, வெறும் குடம், துணைக்கு உட்கார்ந்த பொம்பளை. ஒரு சொல் மாறவில்லை. பொம்பளைகள் சேலைத் தலைப்பை வாய்க்குக் கொண்டு போனார்கள்.

ஊட்டுக்கு நடக்கும்போது தாங்கமாட்டாமல் கேட்டேன். "மாமா, அது நீங்க கட்டிச் சொன்னதுதானுங்களே?"

"எனக்குத் தெரியாது கண்ணு," என்றார்.

தெரியாது என்பது முன்னால் ஊரே கூடி நின்று அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்ட சொல். இத்தனை காலம் கழித்து அதை என்னிடம் மட்டும் சொன்னார், அதையும் பொய்யாக.

வாசலில் கால் கழுவத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். பிளாஸ்டிக் சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "அக்காவோட பித்தளைச் செம்பு இருந்துச்சே, கழுத்துல நெளிஞ்சது?" என்றார். கோயிலுக்குக் கொடுத்தது திரும்பி வரவில்லை என்றேன். தலையை ஆட்டினார். காலில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல், கையில் அந்தச் சொம்போடு, வாசற்படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.